சீரோடு வந்த விருந்தாளி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் – விலங்கியல்)

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது நம் பழமொழி. உறவுக்கு எல்லை சொல்ல வந்த அந்தப் பழமொழி, உடற்கூற்று உண்மை ஒன்றையும் சொல்லிவிடுகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஆனாலும், ஒருவர் உடம்பின் சதையை இன்னொருவர் உடம்பு தன்னுடையது என்று ஏற்றுக்கொள்வதில்லை. நம் ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பில் ஓர் அடையாளச் சின்னத்தை ஏந்தி நிற்கிறது. இரத்தத்தில் ஓயாமல் சுற்றிவரும் வெள்ளையணுக்கள் அந்தச் சின்னத்தைப் பார்த்தே "இது நம்முடையது, இது அயலது" என்று பிரிக்கின்றன. அயலது என்று கண்டால் விடுவதில்லை. அது நோய்க்கிருமியா, உயிர் காக்க வந்த சிறுநீரகமா என்ற கேள்வி வெள்ளையணுவுக்குக் கிடையாது.

இந்த விதிக்கு உட்படாதவர்கள் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்கள் மட்டுமே. அதனால்தான் உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை, 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இரட்டைச் சகோதரர் இருவரிடையே நடந்தது. செய்தவர் டாக்டர் ஜோசப் முர்ரே. அண்ணன் தம்பிக்கு, தாய் மகனுக்கு, முன்பின் அறியாதவர் யாரோ ஒருவருக்குத் தருவது என்றால், பெறுபவரின் காவற்படையைத் தளர்த்தியாக வேண்டும். அதற்கென 'அசத்தியோபிரின்' என்ற மருந்து வந்தது. 1962-இல் அதன் துணையோடு, உறவினரல்லாத ஒருவரின் இறந்த உடலிலிருந்து எடுத்த சிறுநீரகத்தை முர்ரே வெற்றியாகப் பொருத்தினார். பின்னர் நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் வந்தது. 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர் டாக்ரோலிமஸைத் தந்தது. நாம் காலால் மிதித்து நடக்கும் மண்ணுக்குள் எத்தனை மருத்துவர்கள் ஒளிந்திருக்கிறார்களோ!

நம் நாட்டில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது. அதே 1971-இல்தான் லண்டன் நகரில் இன்னொன்றும் நடந்தது. அதைப்பற்றிச் சொல்லவே இக்கட்டுரை.

இந்தப் பொருளை நான் தேடிப் போகவில்லை. அது எங்கள் வீட்டுக்கு வந்தது. என் தாய்மாமன் ஆரணியில் பட்டு நெசவு செய்பவர். முப்பத்தெட்டு வயதில் அவருடைய இரு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. ஒன்றரை ஆண்டுக் காலம் வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸ். 2023 ஜூன் மாதம் என் தாய் தன் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தார். உடன்பிறந்தவர் தருவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் நெருங்கிய உறவின் தானமாக ஏற்கிறது. செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. பொங்கலுக்கும் ஆடிக்கும் அக்காள் வீட்டுக்குச் சீர் கொண்டு வந்தவர் மாமன். "இந்தத் தடவை அக்கா சீர் கொடுத்தாச்சு" என்று எங்கள் பாட்டி சொல்லிச் சொல்லி அழுதார்.

அறுவை முடிந்தது, இனிக் கவலையில்லை என்றுதான் ஊரில் அனைவரும் எண்ணினர். மோட்டாரில் காயில் மாற்றியதைப் போல ஒரு வேலை முடிந்துவிட்டதாக எண்ணம். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், மருத்துவமனைத் தாள்கள் எல்லாம் என் கைக்கு வந்தன. மாத்திரைகளின் பெயரையும் வேளையையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். காலை ஒன்பது மணிக்கு டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரட்னிசலோன்; இரவு ஒன்பது மணிக்கு மறுபடி முதல் இரண்டும். இம்மூன்றும் சேர்ந்து செய்வது ஒன்றே: மாமனின் வெள்ளையணுக்கள் அக்காளின் சிறுநீரகத்தைத் தாக்காதபடி அவற்றை அடக்கி வைப்பது. ஆனால் கள்ளனுக்கு மட்டும் விழித்து, விருந்தினருக்கு மட்டும் உறங்கும் காவலன் உண்டோ? காவல் தளர்ந்தால் எல்லோருக்கும் தளர்ந்ததுதான்.

ஐந்தாம் மாதப் பரிசோதனைத் தாளில் 'பி.கே. வைரஸ்' என்று ஒரு வரி இருந்தது. ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் பதினாலாயிரம். கிரியேட்டினின் 1.2-லிருந்து 1.7 ஆகியிருந்தது. மாமனுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பசி குறையவில்லை. அவரைப் பார்த்தால் நோயாளி என்றே யாரும் சொல்லமாட்டார்கள். பி.கே. என்றால் என்ன என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

1971-இல் லண்டனில் சூடான் நாட்டைச் சேர்ந்த ஒருவர் சிறுநீரக மாற்றுக்குப் பின் சிறுநீர்க்குழாய் சுருங்கி அவதியுற்றார். அவருடைய சிறுநீரை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்த சில்வியா கார்ட்னர் என்ற பெண் ஆய்வாளரும் அவர் குழுவினரும், அதுவரை எவரும் அறியாத வைரஸ் ஒன்றைக் கண்டனர். நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளையே அதற்குப் பெயராக வைத்தனர். அதுவே பி.கே. இது பாலியோமா என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இளம்பிள்ளை வாதத்தைத் தரும் போலியோ வேறு, இது வேறு. இதன் மரபுச் செய்தி முழுவதும் ஏறத்தாழ 5,000 எழுத்துகளுக்குள் அடங்கும். நம்முடையதோ 300 கோடி எழுத்துகள். அத்தனை சிறியது நம்மை அலைக்கழிக்கிறது.

வியப்பு அதன் உருவத்தில் இல்லை. அதன் பொறுமையில் இருக்கிறது. நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் குழந்தைப் பருவத்திலேயே இது தொற்றிவிடுகிறது. பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லை; இருந்தாலும் ஒரு சிறு சளியோடு போய்விடும். தாய் அதைக் கவனித்திருக்கவும் மாட்டாள். பின்பு அது சிறுநீரகத்தின் செல்களில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வெள்ளையணுக்கள் விழித்திருக்கும்வரை அது எழுவதில்லை. இதைப் படிக்கும் நம்மில் பெரும்பாலோர் இந்தக் குடித்தனக்காரனை உள்ளே வைத்துக்கொண்டுதான் வகுப்பில் அமர்ந்திருக்கிறோம். அவனால் நமக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவன் இருப்பதும் நமக்குத் தெரியாது.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் உடம்பில் கதை வேறு. காவல் தளர்ந்ததும் அது எழுகிறது. சிறுநீர்க் குழல்களின் சுவரில் உள்ள செல்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கிறது. உடைந்த இடம் நாளடைவில் தழும்பாகிறது. தழும்பான சிறுநீரகம் மீண்டும் சிறுநீரகம் ஆவதில்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இந்த வைரஸ் இரத்தத்தில் தலைகாட்டுகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். கண்டுபிடித்தது 1971-இல் என்றாலும், சிறுநீரகத்தையே அழிக்கவல்லது இது என்பதை மருத்துவ உலகம் நன்குணர்ந்தது 1990-களின் நடுவில்தான். டாக்ரோலிமஸ் போன்ற வலிய மருந்துகள் பரவிய காலம் அது. காவல் எந்த அளவுக்குத் தளர்ந்ததோ அந்த அளவுக்கு இது எழுந்தது.

ஆய்வகத்தில் நம்மைப் போன்ற மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்த வைரஸ் புகுந்த செல்கள் சிறுநீரில் உதிர்ந்து வரும். நுண்ணோக்கியில் அவற்றின் உட்கரு பருத்து, பார்ப்பதற்குப் புற்றுநோய்ச் செல்லைப் போலவே இருக்கும். பலரை ஏமாற்றியதால் அவற்றுக்கு 'ஏமாற்றுச் செல்கள்' என்றே பொருள்படும் பெயர் அமைந்துவிட்டது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு, அதுதான் கொடியது. கிரியேட்டினின் ஏறுவதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உடம்பு புதிய சிறுநீரகத்தை மறுத்துத் தாக்குவது. மற்றொன்று, வைரஸ் அதை அரிப்பது. வெளியே தெரியும் அடையாளம் இரண்டுக்கும் ஒன்றே. மருத்துவமோ நேர் எதிர். மறுப்பு என்றால் காவலை இன்னும் அடக்க வேண்டும். மருந்தைக் கூட்ட வேண்டும். வைரஸ் என்றால் காவலை எழுப்ப வேண்டும்; மருந்தைக் குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சிறுநீரகம் போய்விடும். ஆகவே ஊசியால் சிறுநீரகத்திலிருந்து ஒரு நூலளவு சதையை எடுத்து, தனிச் சாயமேற்றிப் பார்த்தே முடிவுக்கு வருகிறார்கள். மாமனுக்கும் அப்படிப் பார்த்தார்கள். வைரஸ்தான்.

இவ்வைரஸை நேராகக் கொல்லும் மருந்து என்று அங்கீகரிக்கப்பட்ட ஒன்று இன்றுவரை இல்லை. மருத்துவர் செய்தது மைக்கோபினோலேட்டைப் பாதியாக்கியதுதான். "குறைக்கிறோம். ரொம்பக் குறைச்சா உடம்பு கிட்னியை வேண்டாம்னு தள்ளிடும். குறைக்காம விட்டா வைரஸ் தின்னுடும். மாசா மாசம் வாங்க" என்றார். மாமன் சிறிது நேரம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்து, "நம்ம தறிக் கணக்குதான் பாப்பா. பாவை ரொம்ப இறுக்கினா இழை அறுந்துடும், தளர விட்டா நெசவு நிக்காது" என்றார். நான் பத்துப் பக்கம் படித்துப் புரிந்துகொண்டதை அவர் தறியிலேயே கற்றிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என் தாய் அந்தக் கேள்வியைக் கேட்டார். இந்த வைரஸ் பெரும்பாலும் தானமாக வந்த சிறுநீரகத்தோடுதான் வருகிறது என்று மருத்துவர் பேச்சுவாக்கில் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்தக் கிருமி எங்கிட்ட இருந்துதான் அவனுக்குப் போச்சா?"

போயிருக்கலாம் என்பதுதான் உண்மை. ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. விஷத்தைக் கொடுத்துவிட்டதைப் போல ஒரு குறுகல். தம்பியின் வீட்டு வாசற்படியை மிதிக்கவும் தயங்கினார்.

மூன்றாம் நாள் அவர் அருகில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "உனக்கு அது மூணு வயசிலேயோ அஞ்சு வயசிலேயோ வந்திருக்கும்மா. யாருக்குத்தான் வரலை? எனக்கும் இருக்கும், எதிர் வீட்டு அத்தைக்கும் இருக்கும். நாப்பது வருஷமா உன் உடம்பு அதை எழுந்திருக்க விடலை. மாமா உடம்புக்கும் அதை அடக்கத் தெரியும். மாத்திரைதான் அதைக் கட்டிப் போட்டிருக்கு."

என் தாய் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். சற்று நேரம் முறத்திலிருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ மாத்திரையைக் கொஞ்சம் கம்மி பண்ணினா அவன் உடம்பே அதைப் பாத்துக்கும். அதுக்குத்தான் டாக்டர் குறைச்சாரா?" என்று கேட்டார். ஒரு மருத்துவப் பாடத்தின் சாரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. அன்றிரவு அவர் சாப்பிட்டார்.

எட்டு மாதம் ஆயிற்று. பதினாலாயிரம் ஒன்பதாயிரமாகி, மூவாயிரமாகி, 2024 ஜூலையில் கண்டறிய இயலாத அளவுக்கு இறங்கியது. கிரியேட்டினின் 1.5-இல் நின்றது. 1.2-க்கு அது திரும்பவில்லை. இனித் திரும்பவும் போவதில்லை. அந்த 0.3, வைரஸ் விட்டுச் சென்ற தழும்பு. மாதந்தோறும் பார்க்காமல் இருந்திருந்தால் தழும்பு எவ்வளவு வளர்ந்திருக்குமோ! முதல் ஒன்பது மாதங்கள் மாதம் ஒருமுறையும், பிறகு இரண்டு ஆண்டு வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரத்தத்தில் இதைத் தேட வேண்டும் என்பது 2024-இல் உலக வல்லுநர்கள் கூடி வகுத்த நெறி. நோய் பேசாதபோது பரிசோதனைதான் பேச வேண்டும்.

பி.கே. ஒன்றுதான் எதிரி என்று எண்ணிவிடக் கூடாது. சைட்டோமெகலோ வைரஸ் என்பது நம் நாட்டில் வளர்ந்தோர் பெரும்பாலோரிடம் உறங்குவது. இது எழுந்தால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வெள்ளையணுக் குறைவு எனத் தொல்லைகள் பல. நல்ல வேளையாக இதற்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்து உண்டு. முன்னெச்சரிக்கையாகவே மாதக்கணக்கில் தருகிறார்கள். சின்னம்மை வைரஸ் ஒருமுறை வந்தவர் நரம்புகளில் தங்கி, பிற்காலத்தில் அக்கியாக எழும். மஞ்சள் காமாலை தரும் பி வகை வைரஸுக்கு அறுவைக்கு முன்பே தடுப்பூசி போடுகிறார்கள். சி வகையை இன்றைய மாத்திரைகள் பெரும்பாலோருக்கு முற்றிலும் குணப்படுத்துகின்றன. 2020-இல் வந்த கொரோனா, மாற்றுறுப்புப் பெற்றவர்களைக் கடுமையாகவே தாக்கியது. தடுப்பூசி போட்டும் அவர்கள் உடம்பு போதிய எதிர்ப்பொருளை உண்டாக்கவில்லை. உண்டாக்க வேண்டிய படையைத்தான் நாமே உறங்க வைத்திருக்கிறோமே!

மருத்துவமனை சொல்லித் தருவதை வீடு கடைப்பிடிப்பது எளிதன்று. மாமனைப் பார்க்க வந்தவர்களில் நான்கு பேராவது "எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று கஷாயப் பொடி கொண்டு வந்தனர். அன்பினால்தான். ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது அவருக்கு நன்மையன்று. கூடிய சக்தி முதலில் பாய்வது அக்காளின் சிறுநீரகத்தின் மேல்தான். அன்றியும் பல மூலிகைகளும் மாத்திரைகளும் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றவும் இறக்கவும் வல்லவை. பொடிகளை வாங்கி வைத்துக்கொண்டு, "டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுக்கிறோம்" என்று சொல்லப் பழகினோம்.

அடுத்தது ஊர்ப்பேச்சு. பங்காளி வீட்டுத் திருமணத்தில் மாமன் முகக்கவசம் போட்டு ஓரமாக நின்று, பந்தியில் உட்காராமல் திரும்பினார். "கிட்னி வந்ததும் கர்வமும் வந்துடுச்சு" என்று ஒருவர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. எதிர் வீட்டுப் பிள்ளைக்கு அம்மை கண்டபோது அவர் போய்ப் பார்க்கவில்லை, அதுவும் குற்றமாயிற்று. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் போய் வருவது மற்றவர்க்கு அனுசரணை, அவருக்கு அபாயம். இதைத் தெருவில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க நோயாளியால் முடியுமா? அதைச் சொல்ல வேண்டியவர்கள் படித்த நாம்தான்.

நண்பர்களே, உங்கள் தெருவிலும் உறவிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவருடைய மாத்திரைத் தாளை ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள். மாத்திரையின் நேரம் தவறக்கூடாது என்பதையும், மருத்துவர் சொல்லாமல் தானே ஒன்றைக்கூடக் குறைக்கவோ கூட்டவோ கூடாது என்பதையும் அவர் தாய்மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பரிசோதனை நாளைத் தள்ளிப்போட்டால் வண்டியேற்றி அனுப்புங்கள். சளி பிடித்திருக்கும்போது பார்க்கப் போகாமலிருப்பதே அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. வீட்டில் உள்ளவர்கள் ஆண்டுதோறும் ஃபுளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அதுவும் ஒரு காவல்.

இறுதியாக ஒரு பெண்மணியைப் பற்றி. இக்கட்டுரையின் தொடக்கத்தில் வந்த அசத்தியோபிரினை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜெர்ட்ரூட் எலியன். காவலைத் தளர்த்தும் அந்த மருந்தைத் தந்த அவருடைய ஆய்வகமே, பின்னாளில் அக்கி வைரஸை அடக்கும் அசைக்ளோவிரையும் தந்தது. நோயாளியை இருபுறமும் தாங்கிய கைகள் அவை. குடியேறிகளின் மகளாக நியூயார்க்கில் பிறந்து, கட்டணம் வாங்காத ஹன்ட்டர் கல்லூரியில் வேதியியல் படித்து 1937-இல் பட்டம் பெற்றவர். பெண் என்பதால் ஆய்வகங்கள் அவரை வேலைக்குச் சேர்க்கத் தயங்கின. டாக்டர் பட்டத்தை முடிக்க அவருக்கு வாய்க்கவேயில்லை. ஆயினும் 1988-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பி.கே. வைரஸுக்கான மருந்து இன்னும் எந்த ஆய்வகத்திலும் முடிவாகவில்லை. அதைக் காணப்போகிறவர் எங்கே படித்துக்கொண்டிருக்கிறாரோ! கட்டணமில்லாத ஒரு கல்லூரியின் பெஞ்சிலிருந்து ஓர் எலியன் எழுந்தார் என்றால், நம் அரசுக் கல்லூரிப் பெஞ்சுகளும் அதற்குக் குறைந்தவை அல்ல. அதுவரை, மாதாமாதம் ஊசி முனையில் எடுக்கும் சில துளி இரத்தமும், அதைப் படித்துச் சொல்ல வீட்டில் ஒருவரும் இருந்தால், கொடுத்த சீர் கெடாமல் காக்கலாம்.